மடித்து வரைந்த பூச்சி

நான் குடிக்கலை அண்ணே. நீங்க ஜன்னல் பக்கமா முகத்தைத் திருப்பிக்கிட்டதைப் பார்த்தேன், அதான் சொல்றேன். போடியில ஏறினதிலிருந்து கண்டக்டரும் என்னை ஒரு மாதிரிதான் பார்த்துக்கிட்டு இருக்கார். வாடை என்கிட்டேயிருந்து வரலை, இந்தப் பையிலிருந்து வருது. பைக்குள்ளே நாலு கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள்ளே ஆல்கஹால், ஆல்கஹாலுக்குள்ளே பூச்சி. ஒரு மூடி சரியா இறுகலை போல. குலுங்கறதில கசிஞ்சிருக்கு.

பயப்படாதீங்க, கடிக்காது. செத்து ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆச்சு.

என் பேர் இளம்பரிதி. போடியில ஒரு காலேஜில விலங்கியல் சொல்லித் தர்றேன். நீங்க மதுரைக்கா? தையல்காரர்னு கேட்காமலே தெரியுது, கழுத்தில டேப்பை மாட்டினபடியே பஸ் ஏறிட்டீங்களே. லைனிங் துணி எடுக்கவா? நல்லது. நான் செக்கானூரணியில இறங்கணும். தேனி தாண்டியாச்சு, இனி எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்றரை மணி நேரமா? அவ்வளவுதானா?

இல்லை, சீக்கிரம் போகணும்னு கேட்கலை. சீக்கிரம் போயிடக் கூடாதேன்னு கேட்டேன்.

விஷயம் இதுதான். இந்த நாலு பூச்சியையும் பார்த்துட்டேன்னு நேத்து ஒருத்தங்ககிட்டே போன்ல சொல்லிட்டேன். பார்க்கலை. அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கறதுக்குள்ளே பார்த்தாகணும். பார்க்கறதுன்னா பெரிய வேலை ஒண்ணும் இல்லை. ஒரு குப்பிக்கு ரெண்டு நிமிஷம். நாலுக்கு எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷம் ரெண்டு வருஷம் நாலு மாசமா எனக்குக் கிடைக்கலை. பஸ் இப்படி ஆடினா இங்கேயும் கிடைக்காது. உசிலம்பட்டியில டீக்கு நிறுத்துவாங்க இல்லை? எத்தனை நிமிஷம் நிக்கும்? பத்தா? போதும்.

என்ன பூச்சின்னு கேட்டீங்களே. இதுக்குத் தமிழில பேர் கிடையாது. காடிஸ் பூச்சின்னு நாங்க சொல்லுவோம். நீங்க பார்த்திருப்பீங்க. மலையடிவாரத்தில ஓடைக்குப் பக்கமா டீக்கடை இருந்தா, சாயங்காலம் லைட் போட்டதும் அந்துப்பூச்சி மாதிரி ஒண்ணு வந்து ட்யூப்லைட்டை முட்டும். ஓட்டுக்கூரை மாதிரி இறக்கையைச் சரிச்சு உட்காரும். மீசை ரெண்டும் உடம்பை விட நீளம். அதுதான். சின்னதில புழுவா தண்ணிக்குள்ளே கல்லுக்கடியில கிடக்கும். இதுல பல ஜாதி, வாயிலிருந்து பட்டு நூல் விட்டு, மணல், குச்சி, இலைத் துண்டு எல்லாத்தையும் ஒட்டித் தனக்குத் தானே சட்டை தைச்சுக்கும். ஆமா, உங்க தொழில்தான். அளவு தப்பாது.

உலகத்தில பதினாறாயிரத்துக்கு மேலே காடிஸுக்குப் பேர் வெச்சாச்சு. எல்லாம் பார்க்க ஒரே மாதிரி பழுப்பு. அப்போ இது வேற, அது வேறன்னு எப்படிச் சொல்றது? கொஞ்சம் கிட்ட வாங்க, முன் சீட்டில பொம்பளைங்க இருக்காங்க. ஆணோட வால் நுனியில தெரியும். அந்த இடத்தில. ஏன் சிரிக்கிறீங்க? எங்க மாணவிகள்கூட இவ்வளவு சிரிக்க மாட்டாங்க. பெண்ணைப் பிடிச்சுக்கறதுக்கு ஆணுக்கு அங்கே ரெண்டு கொக்கி இருக்கும், இடுக்கி மாதிரி. அந்தக் கொக்கியோட வளைவு, நீளம், நுனியில பல் இருக்கா இல்லையா, இது ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. பூட்டும் சாவியும் மாதிரின்னு வெச்சுக்கங்களேன். யாரும் பார்க்காத சாவியை நீங்க பார்த்துட்டா, அது புது இனம். வரைஞ்சு, எழுதி, பேர் வெச்சு, பத்திரிகையில போட்டா, அந்தப் பேருக்குப் பின்னாடி உங்க பேர் நிக்கும். மலை இருக்கற வரைக்கும் நிக்கும்.

ஆசைதான், இல்லைன்னு சொல்லலை. பதினாலு வருஷம் ஜெர்மனியில ஒரு மியூசியத்தில இருந்தேன். நிலத்தடியில ஒரு அறை. அடுத்தவங்க கண்டுபிடிச்ச பூச்சிக்கெல்லாம் லேபிள் மாத்தறது, ஆல்கஹால் குறைஞ்சா ஊத்தறது. நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போனவர் எழுதின கையெழுத்தைப் படிச்சுப் படிச்சு எனக்கே அந்தக் கையெழுத்து வந்துடுச்சு. நாற்பத்து நாலு வயசில, போதும்னு கிளம்பி வந்தேன். நம்ம மலை, நம்ம ஓடை, யாரும் சரியாப் பார்த்ததில்லை, ஒண்ணாவது என் பேரில நிக்கட்டும்னு வந்தேன். ஒண்ணு போதும் அண்ணே. பத்து கேட்கலை.

குரங்கணிக்கு மேலே ஒரு ஓடை. பொழுது சாயற நேரத்தில வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, முன்னாடி ஊதா லைட் போட்டா வந்து ஒட்டும். வந்தது. பெரிய ஜாதி, ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. அஞ்சு ஆண். எடுத்துட்டு வந்து ஒண்ணோட வால் நுனியை மட்டும் வெட்டி, காஸ்டிக் கரைசல்ல போட்டு வெதுவெதுப்பா வெச்சேன். உள்ளே இருக்கற சதையெல்லாம் கரைஞ்சு ஓடு மட்டும் மிஞ்சும். அதை மைக்ராஸ்கோப்பில, இடப்பக்கம் மேலே வர்ற மாதிரி படுக்க வெச்சுப் பார்த்தேன்.

இடப்பக்கம்தான் பார்க்கணும். அது எங்க வழக்கம். எந்த நாட்டில யார் வரைஞ்சாலும் இடப்பக்கம்தான் வரைவாங்க. அப்போதான் என் படத்தையும் ஜப்பான்காரர் படத்தையும் பக்கத்தில பக்கத்தில வெச்சு ஒப்பிட முடியும். வலப்பக்கம் எதுக்கு? அதேதானே இருக்கப் போகுது.

இடது கொக்கி, இலங்கையில இருக்கற ஒரு இனத்தோட கொக்கி மாதிரியே இருந்தது. ஆனா கொஞ்சம் நீளம். கொஞ்சம்தான். எனக்கு அது போதும். புதுசுன்னு முடிவு பண்ணிட்டேன். படம் வேணும். எனக்கு வரைய வராது. அங்கேதான் ஜெசிந்தா மேடம் வர்றாங்க. செக்கானூரணியில இருக்கறது அவங்கதான், மகள் வீட்டில.

ராயப்பன்பட்டிக்காரங்க. இருபத்தாறு வருஷம் சர்வே ஆபீஸில வரைவாளர். சர்வேயர் சங்கிலி பிடிச்சு எழுதிட்டு வர்ற அளவை வெச்சு புலப்படம் போடறது அவங்க வேலை. உங்க நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் எல்லை எங்கே வளையுதுன்னு அதில இருக்கும். விருப்ப ஓய்வு வாங்கிட்டு அப்போ போடியில தங்கச்சி வீட்டில இருந்தாங்க. தங்கச்சி மகளைக் காலேஜில சேர்க்க வந்தப்போ, என் மேஜையில நான் வரைஞ்சு போட்டிருந்த படத்தைப் பார்த்துட்டு, "இது என்ன சார், சப்போட்டாவா?"ன்னாங்க.

"பூச்சியோட வால் மேடம்."

"வாலா? யாராச்சும் மிதிச்சுட்டாங்களா?"

அப்படித்தான் பழக்கம். ஒரே வாரத்தில கத்துக்கிட்டாங்க. மைக்ராஸ்கோப்புக்குப் பக்கவாட்டில ஒரு குழாய் மாட்டுவோம், உள்ளே கண்ணாடி இருக்கும். அது வழியா பார்த்தா பூச்சியும் தெரியும், பேப்பர் மேலே நம்ம பென்சில் நுனியும் தெரியும். பூச்சி மேலேயே கோடு இழுக்கற மாதிரி. எனக்குத் தலை சுத்தும். அவங்களுக்கு அது விளையாட்டு. படம் முடிஞ்சதும் மூலையில ஒரு சின்னக் கட்டம் போட்டு, தேதி, அளவு, "பார்த்து வரைந்தது"ன்னு எழுதிக் கையெழுத்து. "இதெல்லாம் நிலத்துக்கு மேடம், பூச்சிக்கு வேண்டாம்"னு சொன்னேன். "பூச்சி எங்கே சார் இருக்கு, வானத்திலயா?"ன்னாங்க.

பக்கவாட்டுப் படம் முடிஞ்சது. அடுத்து, மேலேயிருந்து பார்க்கற படம். இதில ஒரு சுருக்குவழி உண்டு. நடுவில ஒரு கோடு போட்டு, இடது பாதியை மட்டும் வரைஞ்சு, ட்ரேசிங் பேப்பரை அந்தக் கோட்டில மடிச்சு, மறுபாதியை அதன் மேலேயே இழுத்துடலாம். நேரம் மிச்சம், அழகும் கூட. நானா கண்டுபிடிச்சதில்லை, பெரிய பெரிய ஆளுங்க பண்றது. நீங்களும் அதைத்தானே பண்றீங்க? துணியை ரெண்டா மடிச்சு ஒரே வெட்டு. பார்த்தீங்களா!

என்ன? அளவு எடுக்கும்போது ரெண்டு தோளையும் அளப்பீங்களா? எதுக்கு? மூட்டை தூக்கறவருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும்... சரி. அது மனுஷன். எந்தப் பூச்சி அண்ணே மூட்டை தூக்குது?

ஜெசிந்தா மேடம் மடிக்கலை. முழுசா வரைஞ்சாங்க. நான் வகுப்புக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கேன். "சார், இதுக்கு வலது கை குட்டையா இருக்கு"ன்னாங்க.

"கை இல்லை மேடம், கொக்கி."

"சரி, கொக்கி. குட்டையா இருக்கு. இடது அரிவாள் மாதிரி வளைஞ்சு நுனியில பல்லோட இருக்கு. வலது அதுல பாதிதான். கட்டைவிரல் மாதிரி மொட்டை."

"ஒடிஞ்சிருக்கும்."

"ஒடிஞ்சா முனை பிசிறா இருக்கும் சார். இது வழவழன்னு இருக்கு. முடிகூட முளைச்சிருக்கு."

"குறையாப் பிறந்திருக்கும். நீங்க இடது பாதியைப் போட்டு மடிச்சுடுங்க."

"இருக்கலாம். மத்த நாலையும் எடுங்க, பார்த்துருவோம்."

"எனக்கு செகண்ட் இயர் வகுப்பு மேடம்."

"ஒரு நிமிஷம் குனிஞ்சு பாருங்க சார். ஒரே ஒரு நிமிஷம்."

அன்னிக்கு அறுபது பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க. எனக்குக் கழுத்து வலி வேற. நீங்களே சொல்லுங்க. சர்வே ஆபீஸில வேலை பார்த்தவங்க, பூச்சியைப் பார்த்து ஆறு மாசம்கூட ஆகலை, அவங்க சொல்லி நான் குனியணுமா? திமிர்னு நினைக்காதீங்க. நான் இருபது வருஷமா பூச்சி பார்க்கறேன். அதோட உடம்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?

குனியலை. சாயங்காலம் அவங்க போனதும் அவங்க படத்து மேலே ட்ரேசிங் பேப்பரை வெச்சு இடது பாதியை எடுத்தேன். மடிச்சேன். மறுபாதியை இழுத்தேன். மை போட்டேன். அண்ணே, அவ்வளவு அழகா வந்தது. அச்சில அடிச்ச கோலம் மாதிரி. யார் பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆண்டிபட்டி வந்துடுச்சா? கணவாய் தாண்டினா உசிலம்பட்டிதான். டிரைவர் வேகமாப் போறார். இல்லை, உட்கார்றேன். கால் மரத்துப் போச்சு, அதான் எழுந்தேன். இந்தப் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. இல்லை, வேண்டாம், நானே வெச்சுக்கறேன்.

கட்டுரையை எழுதி முடிச்சேன். இந்த வர்ணனைகளை எழுதறதுக்குன்னு ஒரு நடை இருக்கு. நான் பார்த்தேன்னு எழுத மாட்டோம். அஞ்சு ஆண் பூச்சிகள் பரிசோதிக்கப்பட்டனன்னு எழுதுவோம். சுத்தமா இருக்கும். அவங்க பேரையும் என் பேருக்குப் பக்கத்தில போட்டு ஒரு பிரதி கொடுத்தேன். பெருந்தன்மையா கொடுத்தேன், எங்க காலேஜில யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. மூணு நாள் வெச்சிருந்து படிச்சுட்டு வந்தாங்க.

"அஞ்சுன்னு போட்டிருக்கீங்க. அஞ்சையும் பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்."

"வலப்பக்கமும்?"

"பார்த்தேன் மேடம்."

அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாங்க. குப்பி நாலும் அங்கேதான் இருக்கு. மூடியைச் சுத்தி அவங்க ஒட்டின டேப்பு ஒட்டினபடியே இருக்கு. "என் பேரை எடுத்துடுங்க சார்"னு மட்டும் சொன்னாங்க.

எனக்குக் கோபம் வருமா வராதா? காரணம் கேட்டேன். ஒரு கதை சொன்னாங்க. வேலைக்குச் சேர்ந்த புதுசில, ஒரு சர்வேயர் புலத்துக்கே போகாம டீக்கடையில உட்கார்ந்து பழைய அளவையே புதுசா எழுதிக் கொடுத்திருக்கார். வரப்பு நேரா போகுதுன்னு. இவங்களும் நேரா ஒரு கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. அங்கே நிஜத்தில ஒரு கிணறு இருந்திருக்கு. வரப்பு கிணத்தைச் சுத்தி வளைஞ்சு போகுது. இந்தப் படத்தை வெச்சுக்கிட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அருவாளை எடுத்துட்டாங்க. தம்பிக்கு ரெண்டு விரல் போச்சு. "விசாரணையில மூணு தடவை நின்னேன் சார். சர்வேயர் மாற்றலாகிப் போயிட்டார். மூலையில இருந்தது என் கையெழுத்துதான். போகாத புலத்துக்கு இனி நான் கையெழுத்துப் போட மாட்டேன்"னாங்க. மேஜை மேலே கிடந்த அவங்க படத்தைச் சுருட்டி எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க.

நான் என்ன டீக்கடையிலயா உட்கார்ந்திருந்தேன்? வகுப்பில இருந்தேன். அதுவும் இதுவும் ஒண்ணா? இங்கே யாருக்கு விரல் போச்சு? சரி, பேர் வேண்டாம்னா வேண்டாம்னு எடுத்துட்டேன். நன்றின்னு கீழே ஒரு வரி போடலாம்னு இருந்தேன். அப்புறம், பேரே வேண்டாம்னவங்களுக்கு நன்றி எதுக்குன்னு அதையும் எடுத்துட்டேன்.

அனுப்பின கட்டுரை நாலு மாசத்தில திரும்பி வந்தது. யாரோ ஒருத்தர் படிச்சுக் கருத்து எழுதுவாங்க, பேர் சொல்ல மாட்டாங்க. படம் ரொம்ப நேர்த்தியா இருக்கு, ஆனா இலங்கை இனத்துக்கும் இதுக்கும் நீளத்தைத் தவிர வேற வித்தியாசம் தெரியலை, நீளம் பூச்சிக்குப் பூச்சி கொஞ்சம் மாறும், அதனால இது புது இனம் இல்லைன்னு எழுதியிருந்தது. கடைசியில ஒரு கேள்வி. வலப்பக்கத்தைத் தனியாகப் பார்த்தீர்களா?

என் வீட்டுக்காரம்மாகிட்டே சொன்னேன். "பார்த்தீங்களான்னுதானே கேட்டிருக்கார்? பார்த்துட்டுச் சொல்ல வேண்டியதுதானே"ன்னாங்க. இவங்களும் அந்தப் பக்கம்.

இல்லை அண்ணே. அப்பவும் பார்க்கலை. ஏன்னு கேட்டா... அப்போ பரீட்சை நேரம். அப்புறம் காலேஜுக்குக் கமிட்டி வந்தது. லேப் மாத்தினப்போ, காஸ்டிக்ல போட்ட அந்த முதல் வாலை யாரோ தட்டிவிட்டு உடைச்சுட்டாங்க. மைக்ராஸ்கோப் பல்பு போயிடுச்சு. பல்பு வந்தது, என் கண்ணாடி மாத்த வேண்டியிருந்தது.

சும்மா என்னையே பார்க்காதீங்க. சொல்லிடறேன். மத்த நாலுக்கும் ரெண்டு பக்கமும் சமமா இருந்தா, அது இலங்கைப் பூச்சி. எனக்குன்னு ஒண்ணும் இல்லை, திரும்ப லேபிள் ஒட்டப் போகலாம். நாலுக்கும் வலது குட்டைன்னா அது புதுசு. உலகத்திலயே புதுசு. ஆனா அதைப் பார்த்தது அவங்க. நான் பார்த்ததை அந்தக் கருத்து எழுதினவர் ஏற்கனவே இல்லைன்னுட்டார். எது புதுசோ அதைத்தான் நான் மடிச்சுட்டேன். குப்பியைத் திறக்காத வரைக்கும் ரெண்டும் இல்லை. அலமாரியில பூச்சி இருக்கு, எனக்கு ஒரு இனம் இருக்கு. அப்படியே ஓடிடுச்சு.

இப்போ என்ன அவசரம்னா, ஒன்பது நாளைக்கு முன்னாடி ஒரு கடிதம். இடுக்கிப் பக்கத்திலிருந்து ஷெரின்னு ஒரு பொண்ணு, ஆராய்ச்சி பண்ணுது. மலைக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி ஒரு ஆண் பூச்சி கிடைச்சிருக்காம். வலது கொக்கி குட்டை. ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சது சார், குறையாப் பிறந்ததோ என்னவோ, ஒண்ணை வெச்சு எழுதப் பயமா இருக்கு, நீங்க அஞ்சு பார்த்ததா ஒரு கருத்தரங்கில சொன்னீங்களாமே, உங்களுது எப்படி இருந்ததுன்னு கேட்டு எழுதியிருக்கு. எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கு தெரியுமா? இன்னும் பதில் போடலை. என்ன போட? படிச்சதும் எனக்கு முதல்ல தோணினது என்ன தெரியுமா? ஜெசிந்தா மேடம் வரைஞ்ச படத்தில தேதி இருக்கே. ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி. முதல் பூச்சி உடைஞ்சு போனாலும் அந்தப் படம் இருக்கு. அது கையில இருந்தா அந்தப் பொண்ணுக்கு முன்னாடி நான் நிக்கலாம்.

நேத்து போன் பண்ணினேன். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம்.

"படமா? பத்திரமா இருக்கு சார். பேத்தி அதைப் பார்த்துட்டு நண்டான்னு கேட்டா."

"அது வேணும் மேடம்."

"மத்த நாலையும் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

அண்ணே, சத்தியமா சொல்றேன், இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எப்படி இருக்கு?"

"நேர்ல வந்து சொல்றேனே."

"வாங்க. நாலும் எப்படி இருக்குன்னு சொல்லுங்க, படத்தை எடுத்து வெக்கறேன்." அவ்வளவுதான். கோபமா சொன்னா பரவாயில்லை. சாதாரணமா சொன்னாங்க.

என்ன, நின்னுடுச்சு? உசிலம்பட்டியா? பத்து நிமிஷம்னாரா? நீங்க டீ குடிக்கப் போகலையா? இருங்க அப்போ. இதோ லென்ஸ். நகைக்கடையில கல்லுப் பார்க்கறதில்லையா, அது மாதிரி. இருபது மடங்கு பெரிசாக் காட்டும். ஆமா, இது எப்பவும் என் பையிலதான் இருக்கும். ஆமா, பெரிய பூச்சி, கொக்கியைப் பார்க்க இதுவே போதும்தான். மைக்ராஸ்கோப் பல்பைப் பத்தி இப்போ கேட்காதீங்க.

கை பாருங்க, எப்படி ஆடுதுன்னு. வண்டி நின்னுடுச்சு, கை நிக்கலை. குப்பிகூடத் திறக்க வரலை. அண்ணே, நீங்க பார்க்கறீங்களா? ஊசியில நூல் கோர்க்கற கண்ணு. எட்டு நிமிஷம்தான். குப்பியைத் திறந்து இந்த வெள்ளை மூடியில ஊத்துங்க. காலரில ஊசி குத்தி வெச்சிருக்கீங்களே, அதை எடுங்க. மெதுவா. தலை அந்தப் பக்கம் இருக்கட்டும், முதுகு மேலே. இறக்கையை ஊசியால ஒதுக்குங்க. வால் நுனியில ரெண்டு தெரியுதா?

வலதுன்னா யாருக்கு வலதா? நல்லாக் கேட்டீங்க. பூச்சிக்கு. நீங்க வெச்சிருக்கற மாதிரி வெச்சா உங்க வலதும் அதோட வலதும் ஒண்ணுதான்.

சொல்லுங்க.

வலது குட்டையா? எவ்வளவு? பாதியா? பாதிக்கும் கம்மியா? முனை பிசிறா இருக்கா? வழவழன்னு... சரி. சரி. அதை உள்ளே போடுங்க. அடுத்தது. இல்லை, எனக்குக் காட்ட வேண்டாம், நீங்களே பாருங்க.

இதுக்கும் வலதுதான் குட்டையா? நல்லாப் பார்த்தீங்களா? திருப்பிப் பாருங்க. "பொத்தானும் காஜாவும் மாதிரி இருக்கு"ன்னா என்ன அர்த்தம்? ஓ. ஒண்ணு நீளம் ஒண்ணு மொட்டை. ஆமா, அப்படியும் சொல்லலாம். மூணாவது. கண்டக்டர் ஏறிட்டார், சீக்கிரம். மூணாவதும்.

மூணாவதும்!

இருங்க, மூச்சு விட்டுக்கறேன். அண்ணே, இது உலகத்தில இல்லாதது. இந்த பஸ்ஸில இருக்கு, உங்க கையில இருக்கு. நாலாவது எடுங்க. என்ன? வாலே இல்லையா? இது கசிஞ்ச குப்பி. ஒடிஞ்சு போச்சா? ஆல்கஹால்ல தேடிப் பாருங்க, மிதக்குதா? துணுக்கு துணுக்காவா? எது வலது எது இடதுன்னு தெரியாதா? தெரியாதுதான்.

பரவாயில்லை. எல்லாத்தையும் மூடி பையில வைங்க. வண்டி கிளம்பிடுச்சு. பரவாயில்லை அண்ணே, மூணு இருக்கு. முதல்ல வரைஞ்சதைச் சேர்த்தா நாலு. அந்தப் பொண்ணுகிட்டே ஒண்ணு. வால் போன இதுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நாலு குப்பியுமே அப்படித்தான்னு சொல்லிடலாம். மூணு அப்படி இருந்தா நாலாவது மட்டும் எப்படி இருக்கும்? அதேதானே இருக்கப்...

ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

போன் அடிக்குது. அவங்கதான். எடுக்கவா? எடுக்காம இருந்தா நேரா போய்... இல்லை, எடுக்கறேன்.

ஹலோ. வணக்கம் மேடம். உசிலம்பட்டி தாண்டிட்டோம், அரை மணி நேரத்தில வந்துடுவேன். சாப்பாடெல்லாம் வேண்டாம் மேடம்... சரி, கொஞ்சமா. மேடம், ஒண்ணு சொல்லணும். மூணு. மூணுக்கு வலது குட்டை. பாதிக்கும் கம்மி, முனை வழவழன்னு இருக்கு, நீங்க சொன்ன மாதிரியே. நாலாவதுக்கு வால் ஒடிஞ்சு போச்சு. தெரியலை. ஆமா, தெரியலைன்னே எழுதிக்கங்க.

இல்லை மேடம், நேத்து பார்க்கலை. பொய்தான் சொன்னேன்.

அன்னிக்கும் பார்க்கலை.

இப்போதான். பஸ்ஸில. இல்லை, நான் பார்க்கலை. எனக்குக் கை ஆடிச்சு. பக்கத்தில ஒருத்தர் பார்த்துச் சொன்னார். தையல்காரர். இல்லை, பூச்சியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஊசியால திருப்பித் திருப்பி, மூணையும் பார்த்தார். மேடம், சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன். சரி. சரி மேடம், நானும் பார்க்கறேன். செக்கானூரணி வர்றதுக்குள்ளே பார்த்துடறேன். ஷெரினுக்கா? ஆமா, எழுதணும். உங்க முன்னாடியே எழுதறேன். என்ன கேட்டீங்க? இல்லை. கேட்கலை மேடம். இவ்வளவு நேரம் நான்தான் பேசிக்கிட்டு வர்றேன். வைக்காதீங்க, ஒரு நிமிஷம் லைன்ல இருங்க.

அண்ணே, கோவிச்சுக்காதீங்க. மேடம் மூணுக்கும் தனித்தனியா குறிச்சு வெப்பாங்களாம், பார்த்தவர் பேர் இல்லாம குறிக்க மாட்டாங்களாம். உங்க பேர் என்ன?